சிவப்புக் குரல்

மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் பங்காருபேட்டை வரும்வரை யாரும் பேசமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. எல்லோரும் அரைத்தூக்கத்தில் வீட்டைவிட்டு வந்தவர்கள், மிச்சத்தை ரயிலில் தூங்கித் தீர்க்கிறார்கள். யாருடைய தலை யாருடைய தோளில் சாய்ந்தாலும் தட்டிவிடுவதில்லை. சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைட் மேடுகள் ஜன்னலுக்கு வெளியே வெளிறிப்போய் நகரும். அவை நகர்கின்றனவா நாங்கள் நகர்கிறோமா என்று அந்த நேரத்தில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெங்களூரில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட சேதி மாதிரி இருக்கும்.

பங்காருபேட்டையில் டீக்காரர் ஏறுவார். அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் எழுந்துவிடும். "ஏ, எழுந்திரிங்கடி! வாயத் தொறந்துகினு தூங்குறீங்க, ஈ பூந்துக்கப் போவுது!" அவள் சொல்வது பக்கத்தில் இருக்கும் எங்களுக்குத்தான். ஆனால் பெட்டியின் மறுகோடியில் தூங்கும் மனிதரும் வாயை மூடிக்கொள்வார்.

அக்காவும் நானும் ஒரே வரிசை. சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிப்போட்ட லைன் வீடுகள், சுவருக்குச் சுவர் ஒட்டியவை. எங்கள் இரண்டு வீட்டு அப்பாக்களும் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்தவர்கள். சுரங்கம் மூடியபோது வேலை போனது. காது அதற்கு முன்பே போயிருந்தது. அப்படிப்பட்டவரிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தோளைத் தொட வேண்டும். பிறகு முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரில் வந்து நிற்க வேண்டும். வாயை நன்றாகத் திறந்து அடிவயிற்றிலிருந்து பேச வேண்டும். எங்கள் வரிசைப் பிள்ளைகள் இதை அ, ஆ படிப்பதற்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிடும். அதனால் எங்கள் வரிசையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒரு வீட்டில் குழம்புக்கு உப்புக் குறைந்தால் எதிர்ச் சாரியில் இருப்பவர்கள் கருத்துச் சொல்வார்கள்.

கல்லூரியில் படித்தபோது ஒரு தோழியைச் சாப்பிட அழைத்து வந்தேன். அம்மா பரிமாறிக்கொண்டே பேசியதைக் கேட்டு அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "நான் வந்தது உங்கம்மாவுக்குப் பிடிக்கலையா?" என்று என் காதோரம் கேட்டாள். அம்மா கேட்டது இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்றுதான்.

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராயும் இடத்தில் எனக்கு வேலை. அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் பதிவு செய்த பேச்சுகள் வரும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொன்ன சொல், விட்ட மூச்சு, அடக்கிய சிரிப்பு, ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே வந்த இடம், ஒருவருமே பேசாமல் போன இடைவெளி என்று எல்லாவற்றையும் எழுதுவேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்த பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் அப்படிப்பட்ட பதிவுகள் என் மேசைக்கு வந்துவிடும்.

"பேசுறதக் கேட்டு எழுதறியா?" என்று அக்கா ஒருநாள் ரயிலில் விசாரித்தாள். "அதுக்குச் சம்பளம் தராங்களா? நம்ம வரிசைல வந்து குந்தச் சொல்லு, ஓசிலயே ஊரு கதை மொத்தமும் கேட்டுட்டுப் போவட்டும்."

அக்கா பெங்களூரில் மருந்துப் பெட்டிகளைக் கட்டி அனுப்பும் ஒரு கூடத்தில் சூப்பர்வைசர். அந்த வருடம் அவளுக்கு ஒரு கவலை வந்தது. இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறார்கள், ஒரு சூப்பர்வைசர் போதும் என்று பேச்சு அடிபட்டது. சம்பளம் குறைவதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"பேக்கிங் மேசைக்குத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா ஷிஃப்ட்டு மாறி மாறி வரும். கடசி ரயில் பூடும். அங்கியே ரூம் எடுத்துத் தங்கணும். நைனாவ யாரு பாத்துக்குறது?" என்றாள். அவள் அம்மா எப்போதோ போய்விட்டாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். வீட்டில் அவளும் நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவும் மட்டும்தான். பகலில் அவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். சாயங்கால ரயில் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரயில் சத்தம் அவருக்குக் கேட்காது. நாற்காலியின் கால்களில் அதிர்வு தெரியும் என்பார்.

சில நாள் கழித்து அக்காவே சொன்னாள், யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எல்லோர் காலரிலும் மைக் மாட்டிவிட்டுப் போனார்கள் என்று. எங்கள் ஆட்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதிவு என் மேசைக்குத்தான் வந்தது. பெயர் கிடையாது, எல்லோரும் எண்கள். கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மதிய நேரம், ஜன்னலில் வெயில் மங்கிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் நான் கேட்பேன். பெட்டிகள் உருளும் சத்தம், டேப்பைக் கிழிக்கும் சத்தம், எங்கோ ஒரு மின்விசிறி. நான் அந்தக் கூடத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அப்போது ஏழாம் குரல் வந்தது.

"ஏய் கண்ணு! துன்னியா இல்லியா? மூஞ்சி இன்னா இப்டி கீது? துன்னாம மிஷினாண்ட கைய வெச்ச, அவ்ளோதான்!"

நான் ரயிலில் தூங்கிவிட்டதாக நினைத்துத் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரில் கணினித் திரை. உரத்த குரலைச் சிவப்பாகவும் தணிந்த குரலைப் பச்சையாகவும் காட்டும் மென்பொருள் அது. ஏழாம் குரல் வந்த இடமெல்லாம் திரை சிவந்து கிடந்தது.

ஆராய்ச்சியை நடத்திய மேடம் மலைநாட்டுப் பக்கத்துக் கன்னடக்காரர். அங்கே பெய்கிற மழைக்கு எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவருக்கோ பூனை நடக்கிற குரல். திரையைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்.

"கோபம் இல்லை மேடம். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்."

அவர் நம்பாமல் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். திட்டு விழுந்த உடனே அந்தப் பெண் என்ன செய்கிறாள் பாருங்கள் என்றேன். அக்கா முடிப்பதற்குள் அந்தப் பெண் குறுக்கே பேசுகிறாள், சிரிக்கிறாள், "துன்னேங்க்கா" என்று பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள். பயந்தவர்கள் அப்படிக் குறுக்கே விழுந்து பேசமாட்டார்கள். பிறகு இன்னொரு பிரிவின் சூப்பர்வைசரைப் போட்டுக் காட்டினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ப்ளீஸ்'. திரை முழுக்கப் பச்சை. ஒவ்வொரு 'ப்ளீஸு'க்குப் பின்னாலும் நீளமாக ஒரு மௌனம்.

மேடம் நியாயமானவர். மறுபடி மறுபடி கேட்டார். அந்த மௌனத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் ரயிலில் அக்காவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன். "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?" என்று அவள் சந்தேகப்பட்டாள்.

அக்காவின் கம்பெனியில் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் படம் இருந்தது, படத்தில் ஏழாம் குரல் சிவப்பாக இருந்தது. படம் போட்டுக் காட்டினால் படிக்க வேண்டியதில்லை என்று நினைக்கும் ஜென்மங்களை என்ன சொல்வது? அக்காவைக் கூப்பிட்டு, மென்மையாகப் பேசப் பயிற்சி தருகிறோம், மறுபடி மைக் மாட்டுவோம், அப்போதும் சிவப்பு வந்தால் பேக்கிங் மேசைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. பயிற்சிக்குப் போனாள். வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூச்சு கையில் பலமாக மோதாதபடி பேச வேண்டுமாம். ரயிலில் என்னிடம்தான் பழகினாள். "தயவுசெஞ்சி, அந்தப் பெட்டிய, இப்படி வெக்கிறீங்களா?" ரயில் பெட்டியே சிரித்தது. "இன்னாக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார்கள். அவள் பழையபடி ஒரு அதட்டல் போட வாயைத் திறந்தாள். பிறகு கை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

பனிக்காலம் வந்தது. மாலூருக்கு இந்தப் பக்கம் வயல்களின் மேல் பனி படுத்திருக்கும். நான் கண்ணயர்ந்து போவேன். என் தோளுக்கு மேல் யாரோ முணுமுணுக்கிற சத்தம், தூரத்து வீட்டில் யாரோ தாலாட்டுகிற மாதிரி வந்துகொண்டிருக்கும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விழித்துப் பார்த்தால் அக்கா கையை முகத்தருகே வைத்துப் பழகிக்கொண்டிருப்பாள். பங்காருபேட்டையில் எங்களை யாரும் எழுப்புவதில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

இரண்டாம் பதிவும் எனக்கே வந்தது. ஏழாம் குரலைத் தேடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது ஏற்கெனவே பேசி முடித்திருந்தது, எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு பச்சைக் குரல். அதற்குப் பின்னால் ஒரு மௌனம். பிறகு, "சாப்பிட்டேன் மேடம்." அக்காவை அந்தப் பெண் மேடம் என்கிறாள். மௌனத்தின் நீளத்தை அளந்து எழுத வேண்டியது என் வேலை, எழுதினேன். எழுதும்போது எனக்கு வலித்தது.

வேலை நிலைத்தது. அதே ஷிஃப்ட், அதே சாயங்கால ரயில், வாசலில் அதே நாற்காலி. "இனிமே நைனாவ வுட்டு எங்கியும் போக வேணாம்" என்று அக்கா சொன்னாள். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா கொடுத்த ஊறுகாயை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவள் அப்பா வாசல் நாற்காலியில் இருந்தார். அவரை நான் பெரியப்பா என்பேன். தோளைத் தொட்டதும் என் கையை இழுத்துப் பக்கத்தில் குனிய வைத்தார்.

"ஒரு ரகசியம் கேக்கணும்மா" என்றார். அவருடைய ரகசியம் தெருமுனை வரை போகும். "எம் பொண்ணுக்கு எம்மேல இன்னா கோவம்?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கொஞ்ச நாளா ஒதட்ட மட்டும் ஆட்டுது. நான் இன்னா பண்ணேன்? என்னால தொந்தரவா கீதுன்னா சொல்லச் சொல்லு. எங்கனா ஆசிரமத்துல சேத்துட்டாக்கூடப் போறேன். ஒதட்ட மட்டும் ஆட்ட வேணான்னு சொல்லு."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. மேடத்திடம் மணிக்கணக்கில் பேசியபோது இது ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை? கத்தித்தான் பேச வேண்டும் என்றிருக்கிற வீட்டில் கோபம் வந்தால் கத்தி என்ன ஆகப்போகிறது? என் அம்மாவுக்கு அப்பாவோடு சண்டை என்றால் குரலை இறக்கிவிடுவாள். எதிரில் நின்று, உதடு மட்டும் அசையும்படி, அவருக்குக் கேட்காமல் பேசுவாள். அதற்கு மேல் ஒரு தண்டனை எங்கள் வரிசையில் இல்லை. "இன்னான்னு சொல்லும்மா, கத்திச் சொல்லு" என்று அப்பா அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு திரிவார். கேட்கும்படி அவள் ஒரு சொல் கத்திவிட்டால் சமாதானம். பெரியப்பா வாரக்கணக்கில் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கேட்டது அடுப்படிக்குக் கேட்காமல் இருக்குமா? அக்கா களியும் கீரைக் குழம்பும் வைத்த தட்டோடு வந்து நின்றாள். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளைத் தொட்டு, வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி நின்றாள்.

"கோவம் இல்ல நைனா."

பச்சைக் குரல். அவர் காதருகே கையைக் குவித்தார். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பாதியில் உடைந்தது. தன் கை தானாக வாய்க்கு எதிரே எழுவதைப் பார்த்து, அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கோவம் இல்ல நைனா! ஆபீஸ்ல மெதுவா பேசச் சொன்னாங்க! பேசிப் பேசி அதுவே பழகிப்பூச்சி! ஒன்ன எங்கியும் அனுப்ப மாட்டேன்! கேக்குதா?"

வரிசை முழுக்கக் கேட்டது. எதிர்ச் சாரியில் ஒரு கதவு திறந்தது.

பெரியப்பா என்னிடமிருந்து தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்குது, கேக்குது. அதுக்கு ஏன் இப்டி கத்துற?" என்றார். "நான் இன்னா செவுடா?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, இன்னும் உரக்கத் திட்ட ஆரம்பித்தாள். அவர் களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார்.