மாமா கொண்டுவந்த சர்வர்

மற்றவர்களுடைய மாமாக்கள் சபரிலிருந்து வந்தால் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதிப்பதைத்தான் எங்கள் வீடுகளில் சபர் என்பார்கள். என் மாமா ஒரு சர்வர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். குவைத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி பழசைக் கழித்தபோது கேட்டு வாங்கி, கப்பலில் போட்டு அனுப்பியிருந்தார். பீரோவைத் தூக்குவதுபோல் நாலு பேர் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்கள். இனிமேல் திரும்பிப் போவதில்லை, மாயவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைக்கப்போகிறேன் என்றார் மாமா. மாமி அழுதேவிட்டார். நிக்காஹ் ஆனதிலிருந்து ஒரு பெருநாளைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து கொண்டாடியதில்லை.

எனக்கு அதில் கேம் விளையாட வேண்டும். அதற்கு முதலில் அதை ஆன் செய்ய வேண்டுமே? மாமா செய்யமாட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவதோடு சரி. குறுவை அறுப்புக் கணக்கு சொல்ல வந்த குத்தகைக்காரரும் பார்த்தார், மீன்காரம்மாவும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார். டார்ச் பிடிப்பது மட்டும் எப்போதும் நான்.

"இது ஃபேன், வரிசையா இருக்கு பாருங்க. இந்த அலுமினியக் கட்டிக்கு அடியில ப்ராசசர், அதுதான் மூளை. இதெல்லாம் ராம். பவர் சப்ளை ரெண்டு, ஒன்னு போனாலும் இன்னொன்னு தாங்கும். முன்பக்கம் இந்தத் தட்டு தட்டா இருக்கே, ஹார்ட் டிஸ்க். எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு. இதை மட்டும் தொடக்கூடாது."

பிறகு பிரஷ்ஷை எடுத்து ஃபேன் இறக்கைகளின் இடுக்கையெல்லாம் துடைப்பார். அதில் தூசி ஏது? நேற்றுத்தான் துடைத்திருந்தார். மதரஸா பாடத்தைவிட அந்தப் பெயர்கள் எனக்கு நன்றாக மனப்பாடமாகிவிட்டன.

கடைசியில் அம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "ஏன் தம்பி, பொண்ணு காட்டுற மாதிரி காட்டிக்கிட்டே இருக்கியே, எப்பதான் ஓட்டுவ?" என்று கேட்டுவிட்டு, மாயவரத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கும் பையனை அவரே வரவழைத்தார்.

பையன் வந்து மானிட்டரை மாட்டி பட்டனை அழுத்தினான். ரைஸ் மில் ஓடுவதுபோல் ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, நின்றுபோயின. அவன் குனிந்து முன்பக்கத் தட்டு ஒன்றில் கைவைத்தான்.

"தம்பி, அதைத் தொடாதீங்க," என்றார் மாமா.

அதற்குள் அவன் இழுத்துவிட்டான். வெறும் தகரச் சட்டம். அடுத்ததும் அப்படித்தான், எல்லாமே அப்படித்தான்.

"டிஸ்க்கையெல்லாம் உருவிட்டுத்தான் வித்திருக்காங்க பாய். வழக்கமா அப்படித்தான் செய்வாங்க. இந்த மாடலுக்கு இங்க டிஸ்க் கிடைக்காதே. நீங்க பார்க்கலையா?"

எனக்குத்தான் தாங்கவில்லை. "ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கலையா மாமா?"

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கம்மா."

"யாரு சொன்னா? இது நம்மளுதுதானே?"

மாமி என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, போய் விளையாடு என்றார். எதை வைத்து விளையாடுவது என்று எனக்கு எரிச்சல்.

குவைத்தில் அந்த சர்வர் ரூமைப் பெருக்கித் துடைக்கிறவராகத்தான் மாமா இருந்தார் என்பதோ, இன்ஜினீயர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர்களைப் படித்தார் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. மாமிக்கும் அதுவரை தெரியாதாம். தொடக்கூடாதென்று சொல்லியிருந்தார்கள் என்று மாமா சொன்ன அந்த ஒரு பதிலில் மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பெருநாள் வருவதற்கு முன்பே மாமா மறுபடியும் கிளம்பிப் போனார். தெருவில் கேட்ட பெண்களிடம் மாமி, "இவங்க இல்லாம அங்க மெஷினே ஓடலையாம். ஆள் மேல ஆள் விட்டுக் கூப்பிடுறாங்க, என்ன செய்யிறது?" என்றார். யாரும் கூப்பிடவில்லை. மாமாதான் ஏஜென்ட் வீட்டுக்கு நடையாய் நடந்தார். அதைச் சொல்லப்போன என் வாயை மாமி உள்ளங்கையால் பொத்தினார். பெரியவர்கள் பொய் சொன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.