சுக்கானும் சட்டைக் கையும்

கேபிள் என்றால் தன் சொல்லைக் கேட்கும் என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் எண்ணம். ஏழு வருடமாகக் கார் ஷெட்டில் இருவர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கார் ஏழு வருடமாக மழையில் நனைந்தது.

பின் இருக்கை மனைவிக்கு. தையல்காரியான அவளோ, எப்போது கேட்டாலும் "பாக்கலாம்" என்பாள். 'மாட்டேன்' என்றிருந்தால்கூட மனுஷன் ஆறியிருப்பார்.

அன்று நாலு மணிக்கு விமானத்துறை ஆய்வாளர் வருகிறார். பெடலிலிருந்து வால் சுக்கானுக்கு ஓடும் இரண்டு கேபிள்களையும் அவர் சரி என்றால்தான் தரைப்பலகையை மூடலாம். போன வாரம், முதுகுவலிக்குப் பயந்து விமானத்தை மல்லாத்திப் போட்டு, நின்றபடியே கேபிள்களைப் பெடல்களில் மாட்டினார். மறுமுனைகளில் 'இடது', 'வலது' என்று சீட்டுக் கட்டினார். காலையில் விமானத்தை நிமிர்த்தி, சீட்டைப் பார்த்துச் சுக்கானில் பூட்டியும் விட்டார்.

"ஏம்மா, வால் பக்கம் வந்து நில்லு. இடது காலை அமுக்குறேன், பாரு."

கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். "வலப்பக்கம் போகுதுங்க."

"நான் பாக்குற பக்கமா பாத்து சொல்லு."

"உங்க முதுகுக்குப் பின்னாடிதானே நிக்கிறேன்? உங்க இடதுதான் எனக்கும் இடது."

"முப்பது வருஷம் கேபிளோட குப்பை கொட்டியிருக்கேன். எனக்கா?"

"லிஃப்டுக்கு ஏதுங்க இடது வலது? மேல, கீழ. அவ்வளவுதானே."

இறங்கி வந்து பார்த்தார். இடது சீட்டு இடதுபுறத்தில்தான் தொங்கியது. "சரியாத்தானே இருக்கு!"

"சீட்டு கட்டினப்ப விமானம் எப்படிக் கிடந்துச்சு?"

"மல்லாக்க..." என்று இழுத்தார்.

"துணியைத் திருப்பிப் போட்டா இடக்கை வலக்கையாயிடும். உங்களுக்குத் தைச்ச முதல் சட்டையில நான் பண்ண தப்பு. ரெண்டு வருஷம் போட்டீங்க, தெரியவே இல்ல உங்களுக்கு."

சட்டை கிடக்கட்டும், ஆகாயத்தில் இடது மிதித்து வலது திரும்பியிருந்தால்? அவர் ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டுகளைக் கழற்றி முனைகளை மாற்றியதும், உள்ளே கத்தரி போட்டுக் கிடந்த கேபிள்கள் நேராயின. இடது மிதித்தார்.

"இப்ப இடது" என்றாள்.

ஆய்வாளரும் மிதித்துப் பார்த்தார், எட்டிப் பார்த்தார், எழுதினார். "ரெண்டாவது ஆள் யாராவது சரிபார்த்தாங்களா?"

மெக்கானிக் மனைவியைக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் போனபின் மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப... ஏறுவியா?"

அவள் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து நாடாவை நீட்டினாள். "மெத்தை நாலு விரல் உசரணும். இங்கிருந்து உங்க மண்டைதான் தெரியுது. கால் தெரிய மாட்டேங்குது."