அருமைநாதன் சொன்ன நோ

அந்த முதியோர் இல்லத்தில் அருமைநாதனிடம் அடி வாங்காதவர் யாருமில்லை. எண்பத்துநாலு வயது. ஞாபகம் போய்விட்டது, அதோடு ஆங்கிலமும் போய்விட்டது, கைப்பலம் மட்டும் போகவில்லை. ஒருத்தியின் கண்ணாடியை உடைத்தார். இன்னொருத்தியின் விரலைக் கடித்தார். பயிற்சிக்கு வந்த தனேஸ்வரிக்கு முதல் வாரமே நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது.

தனேஸ்வரி அடிக்குப் புதியவள் அல்ல. குடிகாரப் புருசனை ஒருநாள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள். ஒன்பது வருடம் தொழிற்சாலையில் கோழி வெட்டி, சிட்னி மெரிலேண்ட்ஸில் வாடகை கட்டி மகளை வளர்த்தவள். நாற்பத்திரண்டு வயதில் டிப்ளோமா நேர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். போன பயிற்சியில் பெயில். இதிலும் பெயில் என்றால் படிப்பு முடிந்தது, மறுபடியும் கோழிதான். பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து விழ இன்னும் இரண்டே நாள்.

கையெழுத்துப் போட வேண்டியவள் பொறுப்பு நேர்ஸ் நிரூபா. சிட்னியில் பிறந்த பிள்ளை, தமிழ் அரைகுறை. அன்று காலை அவள் சொன்னாள்: "அருமைநாதன் ஐயா ரெண்டு நாளா கட்டிலை விட்டு இறங்கேல்லை, அன்ரி. எல்லாத்துக்கும் நோ. ஆனா ஷீட் நனைஞ்சிட்டு. வெயிட் பண்ணுங்கோ, நான் வேற ஷீட் கொண்டு வாறன்."

இருவர் சேர்ந்துதான் அவரைப் புரட்ட வேண்டும் என்பது விதி. அவசரக் குடுக்கை தனேஸ்வரி காத்திருக்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நோ," என்று அலறினார் அருமைநாதன். "நோ, நோ."

முஷ்டி நேராக அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. அடுத்த கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது. அவள் அவர் மணிக்கட்டை முறுக்கி, உதறிய காலை முழங்காலால் அமுக்கினாள். அவர் கடித்தார். அவள் பளாரென்று கன்னத்தில் அறைந்தாள்.

கிழவர் குழந்தை மாதிரி அழுதார்.

"நோகுது பிள்ளை. நோ தாங்கேலாமல் கிடக்கு."

ஊர்ப் பேச்சில் நோ என்றால் வலி என்பது தனேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை பெறும்போது நோ நோ என்று கத்தியவள்தானே அவளும். இரண்டு நாளாக அந்த மனிதர் வலிக்குது வலிக்குது என்று கத்தியிருக்கிறார். வேண்டாம் என்கிறார் என்று எல்லோரும் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களை விடுங்கள், ஊர்த்தமிழில் வளர்ந்த இவளுக்குமா கேட்காமல் போனது? வேலைக்கு வந்தால் காதும் ஆங்கிலமாகிவிடுமா? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

போர்வையை விலக்கினாள். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகக் கிடந்தது. இடுப்பு முறிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் படம் காட்டியிருந்தார்கள். சற்றுமுன் அவள் அமுக்கியது அந்தக் காலைத்தான்.

நிரூபா வந்ததும் தனேஸ்வரி காலைக் காட்டினாள். அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நிரூபா கிழவரின் கன்னத்தைப் பார்த்தாள்.

"கட்டில் கம்பியில பட்டதா, அன்ரி?"

"இல்லை. நான் அடிச்சனான்."

நிரூபா குரலைத் தாழ்த்தினாள். "அப்பிடிச் சொன்னா என்னால சைன் பண்ணேலாது."

"தெரியும். எழுதுங்கோ."

நிரூபா எழுதினாள். வீட்டுக்குப் போகச் சொன்னாள், இனி அவருக்குக் கிட்டப் போகவேண்டாம் என்றும் சொன்னாள்.

தனேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தபோது கிழவரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்புலன்ஸ்காரர் குனிந்து, "எனி பெயின்?" என்று கேட்டார்.

"நோ," என்றார் அருமைநாதன். "நோ, நோ."

அம்புலன்ஸ்காரர் தலையாட்டிவிட்டு, வலி இல்லை என்று எழுதினார்.

தனேஸ்வரி வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள். பேச வாய் திறந்ததும் உதட்டில் மறுபடி இரத்தம் கசிந்தது.

"நோ மீன்ஸ் பெயின்," என்றாள். "எங்கட பாஷையில. பெயின்."

அம்புலன்ஸ்காரர் அவளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், வலிக்கு ஊசி கொண்டுவரச் சொன்னார். எழுதியதை அவர் வெட்டிய பிறகுதான் தனேஸ்வரி வழி விட்டாள்.