நூல் கட்டிய போத்தல் வரிசை

ஆஸ்பத்திரி அட்டென்டன் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் வேண்டியது தடித்த தோல். காக்கிச் சட்டை பிறகு கிடைத்தாலும் போதும். டொக்டர் சுணங்கினாலும், மருந்து முடிந்தாலும், மழை பெய்தாலும் ஏச்சு முழுவதும் கதவடியில் நிற்கிற அவனுக்குத்தான். கொழும்பில் இருக்கிற மந்திரிக்குப் போக வேண்டிய ஏச்சையும் வழியில் மறித்துத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில், எண்பதுகளின் தொடக்கத்தில், நான் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வரிசையில் நின்று கால் கடுத்த நீங்கள் எந்த ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டாலும் கதை பொருந்தும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு டொக்டர். இரண்டாவது டொக்டருக்கு அறை இருந்தது, மேசை இருந்தது, கதிரை இருந்தது. ஆளை அனுப்பத்தான் அரசாங்கத்துக்கு மறந்து போயிருந்தது. அந்தக் கதிரைக்கு ஆள் வந்த கதையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, எழும்பி நடக்கத் தோன்றுகிறது.

செருப்புச் சண்டை

விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முதலே வருத்தக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள். டொக்டர் வார்டுகளைப் பார்த்து முடித்து இந்தப் பக்கம் வர வெயில் ஏறிவிடும். அவ்வளவு நேரம் நிற்க ஏலாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு செருப்பையோ, குடையையோ, கல்லையோ வைத்துவிட்டுப் போய் வேப்ப மரத்தடியில் குந்துவார்கள். திரும்பி வரும்போது ஒரு கல்லுக்கு இரண்டு சொந்தக்காரர் இருப்பார்கள். செருப்பை நாய் கொண்டு போயிருக்கும். காய்ச்சலோடு வந்தவர்கள் காயத்தோடு போன நாளும் உண்டு.

ஒரு நாள் இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் பாத்துமுத்து ராத்தா. ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன், முஸ்லிம் ஊர் வழக்கு. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் தறி நெய்கிறவர். நூல் தூசியாலோ என்னவோ, அவருக்கு மூச்சு இழுக்கிற வருத்தம், எங்கள் ஊரில் முட்டு என்போம். முட்டுப் பிடித்தால் ஊசி போடாமல் இறங்காது. அதனால் எங்கள் விறாந்தை அவருக்கு இரண்டாவது வீடு. அந்தக் காலத்தில் தண்ணி மருந்து வாங்குகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ராத்தா தன் வெறும் போத்தலைத் தூக்கி வரிசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "செருப்பு ஊர் சுத்தும் தம்பி. மருந்து வேணுங்கிறது போத்தலுக்கு, அதுவே நிக்கட்டும்."

கழுத்தில் நூல்

போத்தல் வரிசை நன்றாகத்தான் நின்றது. ஆனால் எல்லாப் போத்தலும் ஒரே சாதி, சாராயப் போத்தல். முஸ்லிம் ஊரில் இத்தனை எப்படி வந்தது என்று டொக்டர் சிரித்துக்கொண்டு கேட்டார். பழைய போத்தல்காரனிடம் வாங்கியது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எது யாருடையது என்று தெரியாமல் மறுபடியும் வாய்த்தர்க்கம் தொடங்கியது. மறுநாள் ராத்தா தறியில் வெட்டி மிஞ்சின நூல்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு முடிச்சு. ராத்தாவுடையது பச்சை. சொறிக்கல்முனையிலிருந்து வயல் வழியே நடந்து வரும் செபமாலை அக்காவுக்குச் சிவப்பும் மஞ்சளும் முறுக்கினது.

அன்றோடு ஒரு சட்டமும் பிறந்தது. அடுத்தவர் போத்தலில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. அரசாங்கம் போட்ட எந்தச் சட்டமும் எங்கள் ஊரில் அப்படி மதிக்கப்பட்டதை நான் கண்டதில்லை. கரைவலை இழுத்து முதுகு பிடித்துப்போன ஆதம்பாவா காக்கா மரத்தடியில் சாய்ந்திருந்து தன் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன காக்கா யோசனை என்று கேட்டேன். "ஊட்டுல எனக்கு இந்த மரியாத இல்ல தம்பி. இஞ்ச என்ட போத்தல ஒருத்தரும் தள்ளி வெக்கிறாங்க இல்ல."

கடிதம் கொண்டு வந்தவர்

வெள்ளைச் சாரமும் மணிக்கூடுமாக, கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். வரிசையைப் பார்க்கவே இல்லை. ஒரு பெரிய இடத்துக் கடிதத்தை என் கையில் தந்து, டொக்டரிடம் கொடு, உடனே கூப்பிடுவார் என்றார். அவருக்கு இருமல். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். கொடுத்தால் வரிசை என்னைத் தின்னும், கொடுக்காவிட்டால் பெரிய இடம் என்னைத் தின்னும்.

விறாந்தை முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. முன்னால் இருந்த செபமாலை அக்கா மட்டும் கடிதத்தை ஏறிட்டுப் பார்த்தார். கோபமே இல்லாமல், பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "கடதாசிக்குள்ள மருந்து ஊத்த ஏலா தம்பி. ஐயாவ ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லுங்க."

டொக்டருக்குக் காய்ச்சல்

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். சாப்பாட்டை மேசையில் வைத்துக்கொண்டு அதை மறந்துபோகிற சாதி. ஒரு நாள் கண் சிவந்து, உடல் நடுங்க, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் வந்து அமர்ந்தார். வீட்டில் படுத்தால் இந்தச் சனத்தை யார் பார்ப்பது என்று என்னிடமே கேட்டார்.

ஆதம்பாவா காக்காவின் நெஞ்சில் குழாயை வைத்தபோது டொக்டரின் கை நடுங்கியது. காக்கா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு எழும்பி வெளியே வந்து, தன் போத்தலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். மருந்து வாங்காமல் போகிறீர்களே என்றேன். "எனக்கு நாளைக்கும் வரலாம் தம்பி. அந்த மனிசனுக்குக் காய்ச்சல் பாக்க ஒரு டொக்டர் இல்லயே."

பிந்தி வந்த ஜீப்

இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் ஊர் கூடிப் பெட்டிசம் எழுதியது. பள்ளிவாசலில் சிலர், கோயிலடியில் சிலர் என்று எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். இரண்டாவது டொக்டரைத் தாருங்கள், சனம் காத்துக் காத்து விழுகிறது. இவ்வளவுதான் விசயம். மேலிடத்தில் இருந்து விசாரிக்க ஒருவர் வருகிறார் என்றதும் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

காலை முழுவதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜீப் வந்து சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரமும் கழிந்துவிட்டது. டொக்டர் கடைசி ஆளையும் பார்த்து அனுப்பிவிட்டார். விறாந்தை காலி. வந்தவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், இளநீர் குடித்தார், போனார். பதிலும் வந்தது. நேரில் பார்த்ததில் காத்திருப்போர் எவரும் இல்லை, ஆகவே இரண்டாவது வைத்தியருக்கு அவசியம் எழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த இளநீர்க் கோம்பையைத் தேடி எடுத்து வேப்ப மரத்தில் எறிந்தேன். செபமாலை அக்கா சிரித்தார். "பூச முடிஞ்ச பிறகு கோயிலுக்கு வந்துபோட்டு, இஞ்ச சனமே வாறல்லயெண்டு எழுதியிருக்கார்."

இரண்டு கதவுகள்

அடுத்து வருவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஒரு காலையில் பாத்துமுத்து ராத்தா போத்தலை வைத்துவிட்டுத் தறிக்குப் போனவர், கொஞ்ச நேரத்தில் கதிரையில் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். முட்டு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதலாவதாக நின்றது செபமாலை அக்காவின் போத்தல். அதை அவரே எடுத்துப் பின்னால் வைத்து, சட்டத்தை மீறி ராத்தாவின் பச்சை நூல் போத்தலை முன்னால் வைத்தார். முதல் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் டொக்டரின் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் பிரசவ அறையில், இரத்தம் நிற்காத ஒரு தாயோடு.

டொக்டர் சொல்லாமல் ஊசி போடத் தாதி மிசிக்கு அனுமதி இல்லை. நான் பிரசவ அறைக் கதவுக்கு ஓடினேன், திரும்பி விறாந்தைக்கு ஓடினேன், மறுபடியும் ஓடினேன். ஒரு கதவுக்கு உள்ளே ஒரு பெண்ணின் கதறல், மற்றக் கதவுக்கு வெளியே ஒரு பெண்ணின் இழுப்பு. எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. கடைசியில் டொக்டர் இரத்தக் கையோடு கதவைத் தோளால் தள்ளி, ஊசியின் பெயரையும் அளவையும் கத்திச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அல்லாஹ் காவல், இரண்டு பேரும் பிழைத்தார்கள். மூச்சு இறங்கினதும் ராத்தா என் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார். "டொக்டரக் குற சொல்லாத தம்பி. ஒரு மனிசன் ரெண்டு உசிர எப்பிடிப் புடிக்கிற? மத்தக் கதிரைக்கு ஆள் அனுப்பாதவங்களக் கேளு."

சோடினை

கேட்கிற நாள் தானாகவே வந்தது. நாங்கள் டொக்டரைக் கேட்டோம், அரசாங்கம் மதில் கட்டித் தந்தது. புது மதிலையும் கேற்றையும் திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பிரதி மந்திரி வருகிறார் என்று ஊரே பரபரத்தது. முதல் நாள் மேலிடத்துக் கிளாக்கர் வந்து ஓடர் போட்டார். அன்றைக்கு வெளிநோயாளர் பிரிவு பூட்டு, ஆபத்தான வருத்தம் தவிர ஒருவரும் வரக் கூடாது, சனம் நெருக்கி நின்றால் பார்க்க அழகில்லை. நான் வரிசையில் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. ராத்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டார், வரக் கூடாதது மனிசரா போத்தலா என்று. ஓடரில் மனிசரைப் பற்றித்தான் இருக்கிறது என்றேன்.

விடிந்ததும் நான் கண்டதை எப்படிச் சொல்வேன். மருந்து யன்னலடியில் தொடங்கி, விறாந்தை நீளத்துக்கு ஓடி, படி இறங்கி, வேப்ப மரத்தைச் சுற்றிக்கொண்டு, புதுக் கேற்றடி வரை போத்தல், போத்தல், போத்தல். பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா, எல்லா நூலும் காலை வெயிலில் மின்னின. மனிதர் என்று ஒருவரும் உள்ளே இல்லை. மதிலுக்கு வெளியே மட்டும் தலை தலையாகத் தெரிந்தது. கிளாக்கருக்கு வியர்த்துவிட்டது, உடனே அப்புறப்படுத்து என்றார். அடுத்தவர் போத்தலில் கை வைப்பது இங்கே சட்டவிரோதம் சேர் என்றேன். அவரே குனிந்து ஒன்றைத் தூக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது.

பிரதி மந்திரி மாலையோடு இறங்கினார். வரிசையைக் கண்டதும் முகம் மலர்ந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். கிளாக்கர் உரக்கத் தமிழாக்கினார், நாடு முழுவதும் திறப்பு விழாவுக்குப் போன ஐயா இவ்வளவு அழகான சோடினை அலங்காரத்தை எங்கும் காணவில்லையாம். அப்போது பாத்துமுத்து ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றுக்குள் வந்தார். நேரே பிரதி மந்திரியின் முன்னால் போய் நின்று கதைத்தார். கிளாக்கர் அதைச் சிங்களத்தில் வரவேற்புரையாக மாற்றினார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்துக்கே அது விளங்கியது.  பின்னால் நின்ற எங்கள் டொக்டர் விறுவிறென்று முன்னுக்கு வந்தார். கிளாக்கரை ஒதுக்கிவிட்டு, ராத்தா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். ராத்தா சொன்னது இதுதான்: "இது சோடின இல்ல ஐயா, இது நாங்க. எங்கள வர வேணாமெண்டாங்க, அதான் போத்தல அனுப்பியிருக்கம்."

வெள்ளை நூல்

பிரதி மந்திரி மாலையைக் கழற்றிக் கிளாக்கரிடம் நீட்டினார். பிறகு வரிசை வழியே நடந்தார். ஒரு சின்னப் போத்தலடியில் நின்று, இது யாருடையது என்று டொக்டர் மூலம் கேட்டார். மதிலுக்கு மேலால் ஒரு பெண் குரல், என் பிள்ளையுடையது என்றது. அடுத்ததைக் காட்டினார், இன்னொரு குரல். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அவர் விரல் போகப் போக மதிலுக்கு அப்பாலிருந்து ஆள் ஆளாகப் பதில் வந்தது.  கடைசியில் எல்லோர் முன்னாலும், மதிலுக்கு வெளியே நின்ற சனத்துக்கும் கேட்க, இரண்டாவது டொக்டரை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாக்குத்தானே, நாங்கள் எத்தனை கண்டிருப்போம். மறுநாள் காலை ராத்தா இரண்டு போத்தல் கொண்டு வந்தார். ஒன்று வழமையான பச்சை. மற்றதில் வெள்ளை நூல். அதைப் பூட்டிக் கிடந்த இரண்டாவது அறைக் கதவடியில் வைத்தார். நோன்பு வந்து போனது, மாரி மழை வந்து போனது, அந்தப் போத்தல் அசையவில்லை. தினமும் கூட்டும்போது நான் அதைச் சுற்றித்தான் கூட்டுவேன். மேலிடத்து ஜீப் மறுபடியும் வந்தது, இந்த முறை விடியலிலேயே. வந்தவர் நிறைந்து கிடந்த விறாந்தையைப் பார்த்தார். வெள்ளை நூல் என்ன என்று கேட்டார், நான் சொன்னேன். அன்றைக்கு அவர் இளநீர் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், பஸ்ஸால் இறங்கி, கையில் பெட்டியோடு ஒரு இளம் டொக்டர்ப் பெண்பிள்ளை வேப்ப மரத்தடியால் நடந்து வந்தார். விறாந்தையே எழும்பி நின்றது. நான் இரண்டாவது அறையின் சாவியோடு ஓடினேன். கதவடியில் இருந்ததைக் கண்டு, இது யாருடைய போத்தல், எடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். ராத்தா இழுக்கிற மூச்சோடு எழும்பி வந்து, அதைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். "இது உங்கட போத்தல் மகள். நீங்க வரு மட்டும் உங்கட எடத்தப் புடிச்சு வெச்சிருந்தம். உள்ளுக்குப் போங்க, முதலாம் ஆள் நான்தான்."

அத்தனை வருட வேலையில் எங்கள் வரிசையில் ஆகக் கூடிய நேரம் காத்து நின்றது ஒரு மந்திரியின் வாக்குத்தான், அதுவும் வெறும் போத்தலாக.