எலி போட்ட மேசு

போன கிழமை உடுவிலில் எங்கள் பின்னல் சங்கம் கூடியது. விஷயம் — காலுக்குப் போடும் மேசு.

கனடாவில் ஒரு கடைக்காரி கேட்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பளி மேசு. பார்த்தவுடன் சிரிப்பு வரவேண்டும். மாதிரி பிடித்தால் வருசம் முழுக்க ஓடர்.

எனக்கு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். சங்கத்தில் இளையவள் ரஞ்சிக்கு அப்படியில்லை. ஓடர் இல்லையென்றால் பால்குடிப் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் கார்மென்ற்ஸ் வேலைக்குப் போகவேண்டும். பையும் அடுக்கிவிட்டாள்.

அவள்தான் மாதிரி ஒன்று பின்னிக்கொண்டு வந்தாள். பெருவிரல் நுனியில் எலியின் மூக்கு. மேலே இரண்டு காது. வால் குதிக்காலைச் சுற்றிப் போகிறது. நான் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. சிரித்துவிட்டேன்.

சங்கத் தலைவி ரீச்சர் — ஓய்வு பெற்றவர், இன்னும் ஓயாதவர் — சிரிக்கவில்லை.

"எலி பிள்ளையாற்றை வாகனமெல்லோ? அதைக் காலிலை போடுறதோ?"

சரி... மயில்?

"முருகன்ரை."

காகம்?

"சனீஸ்வரன்ரை."

"எருமை?" என்றேன் நான்.

"யமன்ரை. விசர்க்கதை கதையாதையும்."

தேடித் தேடிக் கழுதையில் வந்து நின்றோம். ரீச்சரும் தலையாட்டினார். அப்போது மூலையில் இருந்த கிறேஸ் அக்கா இருமினார்.

"கழுதையிலைதான் எங்கடை ஆண்டவர் எருசலேமுக்குப் போனவர்..."

கழுதையும் போச்சு.

முடிவு? பொட்டு. வெள்ளையில் நீலப் பொட்டு. ரீச்சர் அதைத் தாளில் வரைந்து, படம் எடுத்துக் கடைக்காரிக்கு அனுப்பினார். பொட்டைப் பார்த்து எந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும்? மாத்திரை விற்கிறவனுக்கு வேண்டுமென்றால் பிடிக்கும்.

வெளியே வந்து ரஞ்சி கேட்டாள்.

"அக்கா, எலியையும் அனுப்பட்டோ?"

"அனுப்பு."

"ரீச்சர் பேசுவா."

"பேசட்டும்."

அனுப்பினாள்.

நேற்றுப் பதில் வந்தது. பொட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. எலிக்கு ஓடர். வருசம் முழுக்க. ரஞ்சி வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தாள். முகம் மட்டும் பயந்துதான் இருந்தது. ரீச்சர் வருகிறார் அல்லவா?

வந்தார். பதிலை வாசித்தார். மேசு ஒன்றைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"உது வீட்டெலி, பிள்ளை. பிள்ளையாரிட்டை நிக்கிறது மூஞ்சூறு. அது வேறை, இது வேறை. நான் அண்டைக்கே சொன்னனான்."

என்றைக்குச் சொன்னவர்? நான் ஊசியை எடுத்தேன்.

சாமிக் குற்றம் என்று பயப்படுத்துகிறவர்களைக் கண்டால் நான் இப்போது பயப்படுவதில்லை. ஓடர் வரும்வரைக்கும் பொறுத்திருந்தால் போதும்.

இனி நாயும் பின்னலாமாம். அல்சேசனாக இருக்கட்டுமாம். வைரவரிடம் நிற்பது ஊர்நாயாம்.