ரோதைமுனி முன் கூவிய பலகை

அப்போது நான் வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராகப் பதவி வகித்தேன். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். பௌதிகப் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றவன். தோட்டத்துக் கடிதங்களில் ஆங்கிலம் பிசகுமோ என்று ஐயம் எழுந்தால், பெரிய கிளாக்கரே அவற்றை என் மேசைக்கு அனுப்பிவைப்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பற்றிக் கருத்துரைக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்று பின்னாளில் சிலர் கேட்டதனால் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அயலில் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையை மூடி, அதன் பழைய இரும்பை லொறியில் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பிட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தக் குவியலிலிருந்து ஒரு பலகையை எடுத்துத் தம் அலுமாரியில் வைத்திருந்தார். உள்ளங்கை அகலம்; பழுப்பு நிறம். ஒரு முகத்தில் செப்புக் கோடுகள் கிளைபிரிந்து ஓடின. மறுமுகத்தில் வண்ண வளையமிட்ட சிற்றுருளைகளும், தகரத் தொப்பி அணிந்தவைபோல் மூன்று டிரான்சிஸ்டர்களும், ஓரத்தில் வெற்றுப் பற்றரிக் கூடும் இருந்தன. இரண்டு நீண்ட வயர்களின் நுனியில் பித்தளை ஊசிகள். வேறு இரண்டு வயர்கள் பாதியில் வெட்டப்பட்டிருந்தன.

அதே வாரம், தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் டிரான்சிஸ்டர் ரேடியோ பங்களாவிலிருந்து காணாமற்போயிற்று. தண்ணீர்க் குழாய் திருத்த அங்கே போய்வந்தவர் பிட்டர். எனவே அவருடைய அலுமாரியைச் சோதித்தார்கள். பலகை அகப்பட்டது.

துரை அதை அலுவலக மேசையில் போட்டார். அவருடைய தோட்டத் தமிழ் எல்லாருக்கும் தெரிந்ததே.

"இது என்னா சாமான்? நம்ம ரேடியோ வயிறுதானே?"

"சாமி சத்தியமா இல்லீங்க தொரைகளே," என்றார் பிட்டர். "பழைய இரும்போட கெடந்துச்சுங்க. பளபளன்னு இருந்துச்சேன்னு எடுத்து வச்சேன்."

"என்னா வேலை செய்றது இது?"

"அது தெரியாதுங்களே!"

துரை என் பக்கம் திரும்பினார். அது தொலைபேசியின் ஓர் உறுப்பு என்றேன். பேசும் வாய் எங்கே, கேட்கும் காது எங்கே என்று அவர் ஆங்கிலத்தில் வினவினார். நான்கு கிளாக்கர்கள் பார்த்திருக்க, பலகையை ஒருமுறை புரட்டிவிட்டு மேசையிலேயே வைத்தேன். தொலைபேசி என்றதைப் பிழை என்று நான் கருதுவதில்லை; முதற்கருத்து என்பதற்குமேல் அதற்கு மதிப்புக் கோரவும் இல்லை.

சனிக்கிழமை காலைக்குள் அது இன்னதென்று நிறுவப்படாவிட்டால் பிட்டருக்குப் பத்துச்சீட்டு என்பது துரையின் முடிவு. பத்துச்சீட்டு என்றால் வேலை போவதோடு முடியாது. குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் காலிசெய்துகொண்டு மனைவி மக்களோடு வெளியேற வேண்டும். அதுவரை பலகை என் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்டுப் பெற்றேன்.

புதன்கிழமை ரயிலில் ஹட்டனுக்குப் போனேன். கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பலகையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது ரேடியோவும் இல்ல, போனும் இல்ல. ரேடியோன்னா ஸ்டேஷன் புடிக்க ஒரு சாமான் வேணுமே, எங்க இருக்கு?"

"அதை எழுதித் தருவீர்களா?"

"தரலாம் சேர். 'அப்ப இது என்ன'ன்னு தொர கேப்பாரே, அதுக்கு என்னத்த எழுத? காலேஜ் படிச்ச நீங்களே முழிக்கிறீங்க!"

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைக்காரர் புதிய பற்றரிகள் இட்டு, வெட்டுண்ட வயர்களில் ஒரு சிறு ஸ்பீக்கரைப் பற்றவைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம்.

"உசுரு இருக்கு சேர். பேசத்தான் மனசு இல்ல."

வியாழக்கிழமை முழுவதும் அது பேசவில்லை. தூள் சலிக்கும் பெண்கள் என் காதுபடவே, "ஐயாவுக்கே வெளங்கலையாம்டி! ராத்திரியெல்லாம் மடியில வச்சுக் கொஞ்சுனாராம்!" என்றார்கள். கேளாதவனாக நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, உருட்டும் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன் ரோதைமுனிக்குப் பூசை. ரோதை என்பது சக்கரம். சுழலும் இயந்திரம் ஒருவர் கையையும் பறிக்காமல் காப்பவர் அந்த முனி. அவருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வார்ப்பட்டை மாட்ட மாட்டார்கள். பிட்டர் என்னிடம் வந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, ஒரே ஒரு தடவ சாமி காலடியில வச்சு எடுத்துக்கிறேங்க."

நான் விஞ்ஞானம் கற்றவன். எனினும் அவர் முகத்தைப் பார்த்த பின் மறுக்க இயலவில்லை. ஊமையாயிருந்ததனால் பற்றரியைக் கழற்றவும் நான் எண்ணவில்லை. பலகையைத் தட்டில் வைத்தார். ஊசிகள் இரண்டும் வாழையிலையின்மேல் கிடந்தன. தேங்காய் பிளந்தது. தண்ணீர் இலையில் தெறித்தது.

'கூ...' என்று நீண்ட, கூர்மையான ஓர் ஓசை!

"சாமி கூவிருச்சு!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிட்டர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஊசிகளைத் தூக்கினேன், ஓசை நின்றது. தேங்காய்த் தண்ணீரில் வைத்தேன், கூவியது. துடைத்தேன், ஊமை. குழாய்த் தண்ணீரில் வைத்தேன், மீண்டும் கூவியது!

ஈரம்! இது ஈரத்தை அறிகிறது!

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கருவி எந்த ஈரத்தை அறிய வேண்டும்? காய்ந்த தூளில் ஊசிகளைச் செருகினேன், மூச்சில்லை. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு கொழுந்து வாட்டும் மாடிக்கு ஓடினேன். ஆம், ஓடினேன், இரண்டிரண்டு படிகளாக. அன்று விடியற்காலையில் பரப்பிய கொழுந்தில் குத்தினேன், காதைத் துளைத்தது. முதல்நாள் மாலையில் பரப்பியதில் சுருதி இறங்கியது. முழுதும் வாடியதில் தாழ்ந்த முனகல் மட்டுமே.

பெரிய டீமேக்கர் அங்கே தம் வழக்கப்படி கொழுந்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி விரித்துக்கொண்டிருந்தார். உருண்டை அப்படியே நின்றால் பதம். விரிந்துகொண்டால் இன்னும் வாட வேண்டும். முப்பது ஆண்டாக அவருடைய கையே அளவுகோல்.

"ஐயா, பதம் வந்த தட்டைக் காட்டுங்கள்," என்றேன்.

காட்டினார். அதில் குத்தினேன், முனகியது. பதம் வராததைக் காட்டினார், வீறிட்டது. ஆறு தட்டுகளிலும் அவருடைய கையும் இந்தப் பலகையும் ஒன்றையே சொல்லின.

"அடேயப்பா! என் கைக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்துட்டீங்களே தம்பி!" என்றார் அவர். அன்று நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை துரையின் முன்னிலையில் மூன்று கூடைகள் வைக்கப்பட்டன: பச்சைக் கொழுந்து, அரைவாட்டம், முழுவாட்டம். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். துரை தம் கையாலேயே ஊசிகளைச் செருகினார். ஓசையை மட்டும் கேட்டு மூன்றையும் சொன்னேன். கூடைகளின் வரிசையை மாற்றினார், மறுபடியும் சொன்னேன். துரை பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூடிய தொழிற்சாலையின் பழைய துரை, கொழுந்தின் வாட்டத்தை மின்சாரத்தால் அளக்கப்போவதாகக் கிளப்பில் பேசிக்கொண்டிருந்தாராம், எல்லாரும் நகைத்தார்களாம். அதை எங்கள் துரை அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

பிறகு வாசலில் நின்ற பிட்டரை நோக்கி, "நீ வேலைக்குப் போ," என்றார்.

"போறேங்க தொரைகளே," என்று பிட்டர் மூன்று முறை சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான்தான் தோளைத் தொட்டு அழைத்துவந்தேன். ரேடியோவை யார் எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது.

இந்தச் சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பலகை இன்னதென்று ஹட்டன் கடைக்காரர் சொல்லியனுப்பினார் என்பது தவறு. அவர் ஸ்பீக்கர் பொருத்தினார், அவ்வளவே. பத்துச்சீட்டு எழுதி முடிந்திருந்தது, துரை அதை எல்லார் முன்னும் கிழித்தெறிந்தார் என்பதும் தவறு. சீட்டு எழுதப்படவே இல்லை.