வாளியில் விட்ட இடம்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் கூட்டாளியும் டிடிபி கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். தமிழில் எதைக் கொடுத்தாலும் எங்கள் அச்சு எழுத்துக்கு மாற்றித் தரும் டிஎல்எல் என்ற துணை புரோகிராம் ஒன்றை அவன் சி மொழியில் எழுதியிருந்தான். தட்டச்சு செய்யும் திரையை நான் டாட்நெட்டில் எழுதினேன். இரண்டையும் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் எல்லாம் கேள்விக்குறியாகவே வந்தது. அவனுடைய ஃபங்ஷனை அழைக்கும் வரியில் யூனிகோட் என்று குறிப்பிட மறந்திருந்தேன். அதைச் சரிசெய்தால் அடுத்த தலைவலி. டாட்நெட்டில் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், உருவானால் உருவானதுதான், வெளியாள் அதில் எழுதக்கூடாது. அவன் எழுதித் தர, ஸ்ட்ரிங்பில்டர் என்ற காலி இடத்தை அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் அளவு சொல்லாமல் கொடுத்தேன். ஒரு பெரிய குடும்பத்துப் போஸ்டரில் பேரன் பேத்திகள் பெயர் வந்ததும் புரோகிராம் படுத்துவிட்டது.

அவன் சிரித்தான். "ஏலே, சாம்பார் வாங்கப் போறவன் தூக்குவாளி கொண்டு போவாம்லா? ஊத்துறது நான், வாளி ஒன்னோடது. நம்ம ஊருல கடைசி நேரத்துலதான் விட்டுப்போன சொந்தமெல்லாம் எம்பேரப் போடுன்னு வந்து நிக்கும். வாரவியளுக்கும் சேத்துப் பெரிய வாளியா வையி."

பெரிதாகவே வைத்தேன்.

அவன் வேறு சாதியில் கல்யாணம் செய்தவன். குளத்தூரில் பருத்தி போடும் அவன் அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். இவனும் வீம்புக்குக் குறைந்தவனில்லை. ஆனால் குளத்தூர் பஸ் வரும் நேரம் பார்த்துத்தான் டீ குடிக்க வெளியே போவான்.

கயத்தாறு பக்கம் ஒரு லாரி அவன் பைக்கைத் தட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

அவனுடைய போஸ்டரை அவனுடைய டிஎல்எல்லை வைத்து நானே அடிக்க வேண்டி வந்தது. வருந்துவோர் என்று போட்டு அவன் மனைவி பெயரையும் குழந்தை பெயரையும் என் பெயரையும் தட்டினேன். அவன் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணே, மாமா பேரையும் போடணும். அவிய பேரு இல்லாம இவிய போகக் கூடாது."

கேட்காமல் போட்டால் அவன் அப்பா வந்து கிழித்துப் போடுவார். குளத்தூருக்குப் போன் செய்தேன். "எனக்கு அப்படி ஒரு மகன் இல்ல" என்று வைத்துவிட்டார். பிறகும் காத்திருந்தோம். தூக்கும் நேரம் நெருங்கி, பசை வாளியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். மூன்று பெயரோடு அடித்துக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் அப்பா கடைக்கு வந்தார். செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது. நேராக வயலிலிருந்து பஸ் ஏறியிருப்பார் போல.

"பஸ் ஸ்டாண்டு சொவத்துல பாத்தேன். எம்பேரு இல்லயே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதான வேண்டாம்னீங்க?"

"ஆமா" என்றார். "இப்பம் போட்டு ஒண்ணு அடிச்சுத் தாங்க."

மனைவி பெயருக்கு மேலே அவர் பெயரைத் தட்டினேன். அவன் சொல்லி நான் விட்டிருந்த இடம் நிறைய மிச்சம் இருந்தது. புரோகிராம் ஒரு சிக்கலும் செய்யவில்லை. அழுகையை அடக்க முடியாமல் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஈரம் காய்வதற்குள் அவர் அதைச் சுருட்டினார்.

"எங்க ஒட்டப் போறீங்க?"

"ஒட்டுறதுக்கு இல்ல" என்றார். "அவன் கெட்டுன புள்ள வீடு எங்கன இருக்கு? அதுகிட்டக் காட்டணும்."